இரண்டாவது சர்வர்

ஜூன் 10, திங்கள்

தலைவலி வருகிற நாட்களைக் குறித்து வையுங்கள், என்ன சாப்பிட்டீர்கள், எப்போது தூங்கினீர்கள், எதற்குக் கோபப்பட்டீர்கள் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள், ஒரு மாதம் கழித்துப் பார்ப்போம் என்று நியூரோ டாக்டர் சொல்லியிருக்கிறார். மருந்துக் கம்பெனிக்காரர்கள் ஜனவரியில் கொடுத்த டைரி அலமாரியில் சும்மா கிடந்தது. அதில்தான் எழுதுகிறேன்.

இன்று தலைவலி இல்லை. மகள் மிருதுளாவுக்குப் பள்ளி திறந்துவிட்டது, நாலாம் வகுப்பு. புது ஷூ கடிக்கிறது என்று அழுதாள். சிவநேசன் பழைய ஷூவைத் துடைத்துப் போட்டுவிட்டு வண்டியில் கூட்டிப் போனார். கணவன் மனைவி இருவருக்கும் ஒரே மருத்துவமனையில் வேலை. அவர் பயோமெடிக்கல் பிரிவு. மானிட்டர், வென்டிலேட்டர், ஆபரேஷன் தியேட்டர் மெஷின்கள் எல்லாம் அவர் பொறுப்பு. நான் கம்ப்யூட்டர் பிரிவு.

என்ன வேலை என்று டாக்டர் கேட்டபோது சரியாகச் சொல்ல வரவில்லை. மருத்துவமனையில் உள்ள ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தான் செய்வதையெல்லாம் வரிவரியாக எழுதிக்கொண்டே இருக்கும். அதற்கு லாக் என்று பெயர். ஃபார்வர்டர் என்ற சின்ன புரோகிராம் அந்த வரிகளை அங்கிருந்து எங்கள் அறையிலிருக்கும் இரண்டு சர்வர்களில் ஒன்றுக்கு அனுப்பும். சர்வர் அவற்றை இண்டெக்ஸ் செய்து அடுக்கி வைக்கும். யாராவது ஏதாவது கேட்டால் நான் தேடி எடுத்துக் கொடுப்பேன். இதைக் கேட்டுவிட்டு டாக்டர், "அப்ப நாங்க செய்யறது எல்லாம் உங்களுக்குத் தெரியும்னு சொல்லுங்க" என்று சிரித்தார்.

ஜூன் 11, செவ்வாய்

தலைவலி இல்லை. மாவு புளித்துவிட்டது.

ஜூன் 12, புதன்

மதியத்திலிருந்து இடது பக்கம் லேசாக வலி.

ஐசியூவில் ஒருவர் இறந்துவிட்டார். பெயர் மருதமுத்து, பஸ் கண்டக்டர், ஐம்பத்து மூன்று வயது. வயிற்றில் ஆபரேஷன் முடிந்து, நாளை வார்டுக்கு மாற்றுவதாக இருந்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதயம் நின்றிருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. கவனித்தபோது ஒன்றும் செய்ய முடியவில்லை. நான் கீழே போனபோது அவர் மனைவி ரிசப்ஷன் தரையில் உட்கார்ந்திருந்தார். ஆட்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

சிவநேசன் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தார். சாப்பாடு வேண்டாம் என்றார். தியேட்டரில் மயக்க மருந்து மெஷின் நடுவில் நின்றுவிட்டதாம், ஆபரேஷன் மேசையில் ஒரு குழந்தை, ஓடிப்போய்ச் சரிசெய்தாராம். "குழந்தை பிழைச்சிருச்சா?" என்று கேட்டேன். "ம்" என்றார். மற்ற நாளாக இருந்தால் இதை எங்கள் இருவருக்கும் நடித்தே காட்டியிருப்பார். அசதி போலிருக்கிறது.

ஜூன் 13, வியாழன்

வலி கண்ணுக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

ஐசியூ நர்ஸ் சகாயராணியை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். நேற்று மதியம் அவள்தான் டியூட்டி. மானிட்டரில் அலாரம் அடித்தும் அவள் போகவில்லை என்பது புகார். அலாரம் அடிக்கவே இல்லை என்று அவள் சொல்கிறாளாம். பக்கத்துப் படுக்கையில் ஒரு பாட்டிக்கு ஊசி போட நரம்பு கிடைக்காமல் குனிந்துகொண்டிருந்ததால் திரையை நிமிர்ந்து பார்க்கவில்லை, காதில் எதுவும் விழவில்லை என்கிறாள்.

நிர்வாக அதிகாரி வெங்கடவரதன் சார் கூப்பிட்டார்.

"ஏம்மா, மெஷின் அடிச்சுதா இல்லையான்னு உன் கம்ப்யூட்டர் சொல்லிடும்ல?"

"சொல்லும் சார். எல்லா பெட்டையும் ஒரே எடத்துல காட்டற சென்ட்ரல் மானிட்டரோட லாக் எல்லாம் நமக்கு வருது."

"அப்ப எடுத்துக் குடு. அடிச்சிருந்தா அந்தப் பொண்ணு மேல போலீஸ்ல கம்ப்ளைன்ட் குடுத்தாகணும். வெளிய கூட்டம் நிக்குது பாத்தியா?"

தேடினேன். நேற்றுக் காலை வரை ஐசியூ வரிகள் ஒழுங்காக இருக்கின்றன. பதினோரு மணி வாக்கில் நின்றுபோகின்றன. சாப்பாட்டு நேரம் முடிந்த பிறகுதான் மறுபடி தொடங்குகின்றன. நடுவில் வெறுமை. அந்த ஆள் இறந்த நேரம் சரியாக அதற்குள் இருக்கிறது.

மானிட்டர் கம்ப்யூட்டரிலேயே மூல வரிகள் கிடக்குமே என்று சிவநேசனுக்குப் போன் செய்தேன். "இன்னிக்கிக் காலைலதான் கம்பெனி ஆள் வந்து சாஃப்ட்வேர் அப்டேட் போட்டுட்டுப் போனான். ரொம்ப நாளா தள்ளிப்போட்டது. பழசு எல்லாம் போயிருக்கும்" என்றார். என்ன நேரம் பார்த்து வந்திருக்கிறான் அந்தக் கம்பெனி ஆள்.

இப்படி ஒரு வெறுமை தானாக வராது. யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

ஜூன் 14, வெள்ளி

அந்த இரண்டு சர்வர்களிலும் நுழைய அனுமதி உள்ளவர்கள் நானும் ஜெரால்டும் மட்டும்தான்.

ஜெரால்டு நெட்வொர்க் பார்ப்பவர். என்னைவிட இரண்டு வயது இளையவர். மாடிக்கு மாடி கேபிள், வைஃபை, ஃபயர்வால் எல்லாம் அவர் கையில். மானிட்டரிலிருந்து என் சர்வருக்கு வரும் ஒவ்வொரு வரியும் அவருடைய ஃபயர்வால் வழியாகத்தான் வர வேண்டும். எதை விடலாம், எதை நிறுத்தலாம் என்று அவர் எழுதும் விதிகள்தான் அங்கே சட்டம்.

இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. புதன்கிழமை காலையில் நான் டீ குடித்துவிட்டு வரும்போது அவர் சர்வர் ரூமிலிருந்து வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் லேப்டாப்பை மூடினார். "என்ன ஜெரால்டு, ஏதாவது பிரச்சனையா?" என்றேன். "சும்மா ஏசி பாத்துட்டு வந்தேன் மேடம்" என்றார். ஏசி பார்க்க எதற்கு லேப்டாப்?

இன்று சாயங்காலம் மருத்துவமனைக்கு எதிரே டீக்கடையில் அவரையும் சகாயராணியையும் சேர்த்துப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். அவர் தலையைக் குனிந்தபடி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் சாலையைக் கடக்காமல் அடுத்த ஸ்டாப்புக்கு நடந்து போய் பஸ் ஏறினேன்.

அலாரம் அடித்திருக்கிறது. அவள் கவனிக்கவில்லை. அவளைக் காப்பாற்ற இவர் வரிகளை அழித்திருக்கிறார். இவ்வளவு சுலபமான கணக்கு.

சிவநேசனிடம் சொன்னேன். சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். "ஜெரால்டா?" என்றார். பிறகு, "இருக்கலாம். யாரை நம்ப முடியுது" என்றார்.

ஜூன் 16, ஞாயிறு

சிவநேசன் தானே மார்க்கெட்டுக்குப் போய் ஆட்டுக்கறி வாங்கிவந்தார். வெங்காயம் உரித்தார், இஞ்சி பூண்டு அரைத்தார். மிருதுளாவுக்குத் தலை குளிப்பாட்டிவிட்டார். எனக்கு இரண்டு முழம் மல்லிகை. வாசம் தலைவலிக்கு ஆகாது என்று அவருக்குத் தெரியும், மறந்துவிட்டார். ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன்.

சாப்பிடும்போது கேட்டார், "அந்த லாக், வேற எங்கயும் காப்பி இருக்காதுல்ல?"

"இருக்காது. இருந்தா நான் ஏன் மண்டையை உடைச்சுக்கிறேன்?"

"அதான் கேட்டேன்" என்று எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

என்னுடைய வேலையில் இவ்வளவு அக்கறையாக அவர் கேட்டு நாளாகிறது.

ஜூன் 17, திங்கள்

பக்ரீத் விடுமுறை. ஆனாலும் போனேன், வெங்கடவரதன் சார் வரச் சொல்லியிருந்தார். ஜெரால்டும் வந்திருந்தார். அவரைத் தனியாகப் பிடித்தேன்.

"புதன்கிழமை ஃபயர்வால்ல ஏதாவது மாத்துனீங்களா?"

"இல்ல மேடம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? மாத்துறதுன்னா ஞாயித்துக்கிழமை, அதுவும் கையெழுத்து வாங்கிட்டுத்தான மாத்துவோம்." என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். காது மடல் சிவந்திருந்தது.

நேராக வெங்கடவரதன் சாரிடம் போனேன். சந்தேகம் என்றுதான் சொன்னேன். சர்வர் ரூமில் பார்த்ததையும் டீக்கடையில் பார்த்ததையும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ரெண்டு பேரும் ஒரே சர்ச்சு, தெரியுமோ?" என்றார். எனக்கு அது தெரியாது. தெரிந்ததும் இன்னும் உறுதியானது போல இருந்தது. வெளியே வந்தபோது வாயெல்லாம் கசந்தது. மாத்திரை போட்டேன்.

ஜூன் 18, செவ்வாய்

ஜெரால்டிடம் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்துவிட்டார்கள். மதியம் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

படிக்கட்டில் சகாயராணி என்னை மறித்தாள். விசாரணைக்கு வந்திருக்கிறாள். யூனிஃபார்ம் இல்லாமல் அவளைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. மிகவும் சின்னப் பெண்ணாகத் தெரிந்தாள்.

"மேடம், உங்ககிட்டதான் எல்லாம் இருக்குங்கறாங்க."

"எங்கிட்ட ஒண்ணும் இல்லம்மா. அந்த நேரம் மட்டும் காணோம்."

"காணோமா? யாராவது எடுத்துட்டாங்களா?"

அதை நான் அவளிடம் கேட்க வேண்டும் என்றிருந்தது. கேட்கவில்லை.

"சத்தம் வரல மேடம். ஆறு வருஷமா ஐசியூல நிக்கறேன். வீட்டுல தூங்கும்போதும் அந்தச் சத்தம் கேக்கும் எனக்கு. அன்னிக்கு வரல. காலைல ஒருக்கா யாரோ புதுப் பெட்டுக்கு டெஸ்ட்டிங் பண்ணாங்க, அப்ப கேட்டுச்சு. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல."

எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். படிக்கட்டு இறங்கிக் கீழ்த்தளத்துக்கு வந்த பிறகும் அவள் சொன்னது காதிலேயே இருந்தது. புதுப் பெட்டுக்கு டெஸ்ட்டிங் செய்வது பயோமெடிக்கல் வேலை. அந்தப் பிரிவில் நாலு பேர் இருக்கிறார்கள்.

ஜூன் 19, புதன்

வலி. விடுப்பு. சிவநேசன் காபி போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜூன் 20, வியாழன்

இன்று நடந்ததை முழுதாக எழுத வேண்டும்.

காலையில் கேன்டீனிலிருந்து போன். போன வாரம் பில் மெஷின் தகராறு செய்ததாம், என்ன நேரத்தில் என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார்கள். தேடினேன். அங்கேயும் ஓட்டை. புதன்கிழமை பதினோரு மணியிலிருந்து மாலை வரை கேன்டீன் வரிகளைக் காணோம். மறுநாளும் திட்டுத் திட்டாக இல்லை. லேப், மருந்துக் கடை, லிஃப்ட் பக்கத்து அட்டெண்டன்ஸ் மெஷின் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஓட்டை. ஒன்றில் விட்ட இடம் இன்னொன்றில் இருக்கிறது, அதில் விட்டது இதில் இருக்கிறது.

ஒரு நர்ஸைக் காப்பாற்ற நினைக்கிறவன் கேன்டீன் பில்லை எதற்கு அழிக்கிறான்?

பிறகுதான் திரையின் மூலையில் இருந்த சின்ன மஞ்சள் முக்கோணத்தைப் பார்த்தேன். வருடம் முழுக்க வந்து போய்க்கொண்டிருப்பது அது. கொசு மாதிரி பழகிவிட்டது. அதன்மேல் க்ளிக் செய்தேன். 'இரண்டாவது சர்வர் பதில் சொல்லவில்லை, கிடைத்தவரை காட்டப்படுகிறது.'

ஜெரால்டைத் தேடிப் போனேன். மூன்றாவது மாடியில் கேபிள் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"ஜெரால்டு, இது பழி போடற பேச்சு இல்ல. எனக்கு உண்மை வேணும். புதன்கிழமை என்ன பண்ணுனீங்க?"

கையிலிருந்த ஒயரைப் பெட்டிக்குள் விட்டார். "மெமோ கொடுக்க வச்சது நீங்கதான்னு எனக்குத் தெரியும் மேடம்."

"ஆமா. நான்தான்."

கேபிள் பெட்டியை மூடினார். பிறகு சொன்னார். ஃபயர்வால் விதிகள் பழையதாகிவிட்டன, புதிதாக எழுதி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் பையனுக்கு ஞானஸ்நானம், வர முடியவில்லை. கையெழுத்து வாங்காமல் புதன்கிழமை காலை மாற்றிவிட்டார். ஏற்கெனவே ஒரு தடவை இப்படிச் செய்து எச்சரிக்கை வாங்கியவர். இன்னொரு தடவை என்றால் வேலை போய்விடும்.

"ஆனா வரி எதையும் நான் நிறுத்தல மேடம். ரெண்டு சர்வருக்கும் வர்ற போர்ட்டைத் திறந்துதான் விட்டிருக்கேன். நீங்களே பாருங்க."

சர்வர் ரூமுக்குப் போய் இருவரும் சேர்ந்து பார்த்தோம். அவர் சொன்னது சரி. ஃபார்வர்டர்தான் எப்போதும் முதலில் கூப்பிடும், சர்வர் கூப்பிடாது. ஒரு சர்வரோடு இணைப்புக் கிடைத்துவிட்டால் அதோடு ஒட்டிக்கொண்டு வரிகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். 'வாங்கிக்கொண்டேன்' என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும்வரை தன் கையில் ஒரு பிரதி வைத்திருக்கும். இணைப்பு அறுந்தால் அடுத்த சர்வரைக் கூப்பிட்டு, பதில் வராத வரிகளை அங்கே மறுபடி கொடுக்கும். புதன்கிழமை ஜெரால்டு விதிகளை மாற்றியதும் பழைய இணைப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் அறுந்திருக்கின்றன. முதல் சர்வரோடு பேசிக்கொண்டிருந்த ஃபார்வர்டர்கள் எல்லாம் இரண்டாவதற்குத் தாவியிருக்கின்றன. அதில் ஐசியூவும் ஒன்று. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சில திரும்பி வந்திருக்கின்றன.

"அப்ப வரி எல்லாம் ரெண்டாவதுல இருக்கணுமே? தேடினா ஏன் வரல?"

ஜெரால்டு தன்னுடைய விதிகளை மேலிருந்து கீழே ஒருமுறை படித்தார். இன்னொருமுறை படித்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"மேடம், வரி உள்ள வர்ற கதவு வேற. நீங்க தேடும்போது போய்க் கேக்கற கதவு வேற. வேற போர்ட்டு. முதல் சர்வருக்கு ரெண்டையும் எழுதியிருக்கேன். ரெண்டாவதுக்கு வர்ற கதவை மட்டும் எழுதிட்டு, கேக்கற கதவை விட்டுட்டேன். அது பாட்டுக்கு வாங்கி வாங்கி வச்சுட்டு இருக்கு. யாரும் போய்க் கேக்க முடியல, அவ்வளவுதான்."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஆறு நாளாக நான் அவருக்கு எழுதிய கதை முழுவதும் ஒரு வரியில் போய்விட்டது.

"டீக்கடையில..." என்று ஆரம்பித்தேன்.

"ராணியா? எங்க சர்ச்ல கொயர்ல பாடுற பொண்ணு. ஃபாதர்கிட்ட சொல்லி வக்கீல் பாக்கலாம்னு சொல்லிட்டிருந்தேன்." அவர் வேறெதுவும் கேட்கவில்லை. விதியைச் சேர்த்தார். மஞ்சள் முக்கோணம் போய்விட்டது.

"இப்ப பதில் சொல்லும். நீங்க தேடிப் பாருங்க. பேஷன்ட் விஷயம், நான் பாக்கக் கூடாது" என்று வெளியே போய்விட்டார்.

ஒரு தேடல்தான். படுக்கை எண்ணும் தேதியும் போட்டால் போதும்.

மிருதுளாவுக்கு வேன் வரும் நேரமாகிவிட்டதால் கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜைச் சுத்தம் செய்தேன். மல்லிகை கறுத்துப் போயிருந்தது.

ஜூன் 21, வெள்ளி

வேலை அதிகம். தேடவில்லை. ஜெரால்டு கதவருகே நின்று "பாத்தீங்களா மேடம்?" என்றார். இன்னும் இல்லை என்றேன்.

ஜூன் 22, சனி

அரை நாள்தான். லேப் அறிக்கை ஒன்று அவசரமாகக் கேட்டார்கள், அதை முடித்தேன். தேட நேரமில்லை.

சிவநேசனிடம் காணாமல் போனது கிடைத்துவிட்டது என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. மிருதுளாவின் கணக்கு நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார். கத்தரிக்கோல் நின்றது.

"பாத்துட்டியா?"

"இன்னும் இல்ல."

அட்டையைக் கோணலாக வெட்டிவிட்டார். மிருதுளா கத்தினாள்.

ஜூன் 23, ஞாயிறு

மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது பின்னாலேயே வந்தார்.

"அந்த வரிங்களை அழிக்க முடியுமா ஹேமா?"

"எதுக்குங்க?"

"சும்மா, தெரிஞ்சுக்கலாம்னு."

"அழிக்கலாம். யாரு அழிச்சாங்கன்னு இன்னொரு வரி விழும்."

ஒரு பக்கெட் துணி முழுவதும் அவரே உலர்த்தினார். என்னுடைய சேலையை இரண்டாக மடித்துப் போட்டார். அப்படிப் போட்டால் காயாது. நான் திருத்தவில்லை.

தலைவலி இல்லை. ஆச்சரியம்.

ஜூன் 25, செவ்வாய்

நேற்று வெங்கடவரதன் சார் ஆளனுப்பினார்: புதன்கிழமை விசாரணைக் கூட்டம், லாக் இல்லாவிட்டால் இல்லை என்றே எழுதி முடித்துவிடுவார்களாம், சகாயராணியை வேலையை விட்டு எடுத்துவிட்டுப் போலீசுக்கு எழுதுவார்களாம்.

இன்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு தேடினேன்.

வந்துவிட்டது. நொடிகூட ஆகவில்லை.

பதினோரு மணிக்குப் பிறகு: சென்ட்ரல் மானிட்டர், எல்லாப் படுக்கைகளுக்கும் அலாரம் ஒலி நிறுத்தப்பட்டது, சோதனைக்காக. அதன் பக்கத்தில் செய்தவர் ஐடி. கொஞ்ச நேரம் கழித்து மருதமுத்துவின் படுக்கை: இதயத் துடிப்புக் குறைவு. ஒலி: இல்லை. மறுபடியும். ஒலி: இல்லை. அதே வரி திரை முழுவதும் இறங்கிக்கொண்டே போனது. கடைசியில்: அலாரம் ஒலி மீண்டும் இயக்கப்பட்டது. அதே ஐடி.

அந்த ஐடியை நானே ஒருமுறை அவருக்கு ரீசெட் செய்து கொடுத்திருக்கிறேன்.

சாயங்காலம் மிருதுளாவைப் பக்கத்து வீட்டில் விளையாட விட்டுவிட்டு உட்கார்ந்தோம். நான் எதுவும் காட்டவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"குழந்தை டேபிள்ல கிடந்துச்சு ஹேமா. மெஷின் நின்னுடுச்சுன்னு போன். போட்டது போட்டபடி ஓடினேன். அஞ்சு நிமிஷத்துல வந்துருவோம்னு நெனச்சேன். அங்க போனா அது முடியற வேலையா இல்ல."

"திரும்பி வந்தீங்களே."

"வந்தேன். அதுக்குள்ள எல்லாரும் அந்த பெட்டைச் சுத்தி நிக்கறாங்க. நான் போய் சத்தத்தை ஆன் பண்ணேன். யாரும் என்னைப் பாக்கல."

"மறுநாள் அப்டேட் போட்டீங்களே. அதுக்கும் யாராவது போன் பண்ணாங்களா?"

தரையில் கிடந்த மிருதுளாவின் பென்சிலை எடுத்து டப்பாவில் போட்டார்.

"அந்தப் பொண்ணு தெருவுல நிக்கறா. ஜெரால்டுன்னு நான் சொன்னப்போ இருக்கலாம்னு சொன்னீங்க."

"என்ன பண்ணச் சொல்றே? நமக்கு ஒரு பிள்ளை இருக்கு."

"அந்தக் கண்டக்டருக்கும் இருக்குங்க." என் குரல் எனக்கே வேறாகக் கேட்டது. "நாளைக்குக் காலைல கூட்டம். நான் உள்ள போறதுக்கு முன்னாடி நீங்க போயிருங்க. நீங்களா சொன்னா வேற. நான் சொல்ல வச்சுடாதீங்க."

அவர் எழுந்து போய் மிருதுளாவைக் கூட்டிவந்தார். அவளோடு உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார்.

ஜூன் 26, புதன்

காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் வண்டி இல்லை. மிருதுளாவை அவரே பள்ளியில் விட்டிருக்கிறார். போன் அணைந்திருந்தது. மருத்துவமனையில் அவருடைய அறை பூட்டியிருந்தது. பயோமெடிக்கல் பையனிடம் கேட்டேன், "சார் இன்னிக்கு வரல மேடம்" என்றான்.

ஓடிவிட்டார் என்று நினைத்தேன். அவர் அம்மா வீட்டுக்கு மணப்பாறைக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். நேற்று வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்ததுகூட விடைபெறுகிற மாதிரி இருந்ததே என்று நினைத்தேன். வராந்தாவில் நின்றுகொண்டு எவ்வளவோ நினைத்தேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். வெங்கடவரதன் சார், தலைமை டாக்டர், வக்கீல் ஒருவர். காகிதத்தை மேசையில் வைத்தேன். படித்தார்கள். வெங்கடவரதன் சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது யாரு ஐடின்னு தெரியுமா?"

"தெரியும் சார். என் வீட்டுக்காரர்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைமை டாக்டர் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"இங்க பாரும்மா," என்றார் வெங்கடவரதன் சார், மிகவும் தன்மையாக. "ஆள் மறந்தான்னு வெளிய போனா ஆஸ்பத்திரி பேரே போயிரும். மெஷின்ல கோளாறுன்னு எழுதிடலாம். அந்தப் பொண்ணை வேலைல சேத்துக்கலாம். உன் வீட்டுக்காரருக்கும் பாதகம் இல்ல. இந்தக் காகிதம் இந்த ரூமோட இருக்கட்டும். என்ன சொல்றே?"

எல்லோருக்கும் நல்லது. சகாயராணிக்கு வேலை, எங்களுக்கு வீடு, மிருதுளாவுக்கு அப்பா. மெஷினுக்கு மானம் போகாது. நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு இப்போதும் தெரியாது.

கதவைத் தட்டினார்கள். சிவநேசன். அவருக்குப் பின்னால் சகாயராணி, அவளுடைய அப்பா. சிவநேசனின் சட்டை வியர்வையில் உடம்போடு ஒட்டியிருந்தது. பொன்மலையில் அவள் வீட்டைக் கண்டுபிடிக்கக் காலை முழுவதும் அலைந்திருக்கிறார்.

"முதல்ல இவங்ககிட்ட சொல்லணும்னு போனேன் சார்," என்றார். "சத்தத்தை நிறுத்தினது நான். திருப்பிப் போட மறந்தது நான். அப்டேட் போட வச்சதும் நான்தான்."

சகாயராணி யாரையும் பார்க்கவில்லை. கவிழ்த்து வைத்த காகிதத்தை எடுத்துத் திருப்பினாள். நின்றபடியே, வரிவரியாக, கடைசிவரை படித்தாள்.

ஜூலை 8, திங்கள்

சிவநேசனுக்கு வேலை போய்விட்டது. போலீஸ் வழக்குப் பதிவு செய்திருக்கிறது. ஜாமீன் கிடைத்தது. கேஸ் எத்தனை வருடம் போகும் என்று வக்கீலுக்கே தெரியவில்லை. மருதமுத்துவின் வீட்டுக்கு அவர் போனார். அந்த அம்மா கதவைத் திறக்கவில்லை. வெளியே வெகுநேரம் நின்றுவிட்டு வந்தார். நாங்கள் பேசிக்கொள்கிறோம், தேவையானவற்றை மட்டும். ஜெரால்டுக்கு மூன்று மாதம் இன்க்ரிமென்ட் நிறுத்தம். என்னிடம் முன்போலவே 'மேடம்' என்றுதான் பேசுகிறார், ஆனால் டீ குடிக்கக் கூப்பிடுவதில்லை.

சகாயராணியை மறுபடி எடுத்துக்கொண்டார்கள். அவள் இந்த மாதத்தோடு நிற்பதாக எழுதிக் கொடுத்துவிட்டாள். தஞ்சாவூரில் வேறு இடம் கிடைத்திருக்கிறதாம்.

இன்று கேன்டீனில் என் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்து அதற்கு என்ன பதில் சொல்வது என்று தயாரானேன்.

"ஒண்ணு கேக்கலாமா மேடம்? சார்தான்னு உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?"

"செவ்வாய்க்கிழமை" என்றேன். "கூட்டத்துக்கு முந்தின நாள்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை நான் தேடிய நாள், தேட முடிந்தது அதற்கு முந்தின வியாழன். அவள் கேட்டது அதை அல்ல.